ஹார்ட்ப்ரோக்கன் சார் லீவு போட்ட நாள்

மனிதனுக்கு வருத்தம் என்பது பற்பசை டியூப் மாதிரி, அளவோடுதான் இருக்கும், சில்லறை விஷயங்களுக்கே பிதுக்கித் தீர்த்துவிட்டால் பெரிய துக்கத்துக்கு ஒன்றும் மிஞ்சாது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த அசட்டு நம்பிக்கைக்குக் காரணம் ஹார்ட்ப்ரோக்கன் சார். பெங்களூரில் அவரளவுக்கு நெஞ்சு உடைந்த ஆசாமி கிடையாது. காலை டிபனுக்கு முன்னாலேயே ஒருமுறை உடைந்திருக்கும்.

பெங்களூர் வழக்கப்படி ஒருவரையொருவர் ‘குரு’ என்று கூப்பிட்டுக்கொள்ளும் நாங்கள் இருவரும் எலெக்ட்ரானிக் சிட்டியில், கடல் தாண்டி சோபா விற்கும் ஒரு கம்பெனிக்காகப் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவர்கள். அங்கே ஒரு விதி. வாடிக்கையாளர் எந்த வார்த்தை போட்டு வருத்தப்படுகிறாரோ, அதைவிட ஒரு படி கனமான வார்த்தை போட்டு நாம் வருத்தப்பட வேண்டும். அவர் ‘அப்செட்’ என்றால் நாம் ‘ஹார்ட்ப்ரோக்கன்’. முடிவில், உங்கள் வேதனை எங்களுக்கு முழுமையாகப் புரிகிறது என்று இங்கிலீஷில் ஒரு வரி. ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் அதையெல்லாம் மேஜையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புவோம். ஹார்ட்ப்ரோக்கன் சார் மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

கேன்டீனில் வடை தீர்ந்தால் ஹார்ட்ப்ரோக்கன். மேம்பாலத்தில் வண்டி நகராவிட்டால் டிவாஸ்டேட்டட். எங்கள் கேப் டிரைவர் மஞ்சு ஒரு நாள் குடையைத் தொலைத்துவிட்டார். நம்மவர் பின் சீட்டிலிருந்து எட்டி அவர் தோளைத் தொட்டு, “ஐ யாம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்” என்றார். மஞ்சு வண்டியை ஓரங்கட்டினார். முகம் வெளிறிவிட்டது. “யாரு சார் தீர்கொண்ட்ரு?” என்றார் கன்னடத்தில். யார் செத்துப்போனது என்று குடையைத் தொலைத்தவரே விசாரிக்கிறார்.

இப்படிப்பட்டவரிடமிருந்து நான் ஒரு சங்கதியை மறைக்க வேண்டி வந்தது. என் மனைவிக்குக் கழுத்தோரம் ஒரு கட்டி. வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆபீசில் யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் ‘மூட் அவுட்’ என்பேன். நம்மூரில் புழங்கும் இங்கிலீஷிலேயே வசதியான சொல் அது. பஸ் தவறினாலும் பொருந்தும், தலையில் இடி விழுந்தாலும் பொருந்தும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நான் போனில் கட்டிகளைப் பற்றிப் படித்துப் படித்து, என் கழுத்தையும் தடவிப் பார்த்து, எனக்கும் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். கண்ணாடியில் பார்த்தபோதுதான் அது என் குரல்வளை என்று தெரிந்தது.

ரிசல்ட் வருகிற நாள். மல்லேஸ்வரத்தில் ஆஸ்பத்திரி. தையல் பிரிக்க அவளை உள்ளே அழைத்துப் போனார்கள், டாக்டரும் அங்கேயே பேசுவார் என்றார்கள். நான் வெளியே பெஞ்சில். நிமிர்ந்தால் ஹார்ட்ப்ரோக்கன் சார் வந்துகொண்டிருக்கிறார். மனைவியோடு மல்லேஸ்வரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், ரிசல்ட் வருகிறது, பிக்கப் வேண்டாம் என்று நான் மஞ்சுவிடம் சொல்ல, மஞ்சு காரணத்தை அவரிடம் சொல்ல, மனிதர் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

ரிசல்ட் பயம் ஒரு பக்கம் இருக்க, இப்போது இவர் பயமும் சேர்ந்துகொண்டது. வடைக்கே நெஞ்சை உடைத்துக்கொண்டவர், இதற்கு என்ன சொல் வைத்திருப்பாரோ? அவள் காதில் அது விழுந்தால்?

பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட்…” என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இல்ல குரு. எனக்குப் புரியல. பயமா இருக்குதா?”

பதிலுக்கு ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“ரொம்ப பயமா இருக்கு குரு.”

அத்தனை நாளில் என்னிடம் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் அப்படிச் சொன்னதும் அவரிடம் மட்டும்தான். என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கதவு திறக்கும் வரை விடவில்லை.

அது சாதாரணக் கொழுப்புக் கட்டி. அதைச் சொல்ல வெளியே வந்த என் மனைவி, பெஞ்சில் கைகோத்துக்கொண்டு அழுகிற இரண்டு நரைத்த தலைகளைப் பார்த்தாள். ஆட்டோ பிடித்து எங்கள் இருவரையும் ஆஸ்டின் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து காபி போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.