வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும்

போன தட்டுகள் நாற்பத்து மூன்று. திரும்பி வந்தவையும் நாற்பத்து மூன்று. சோறு காலி, முட்டை காலி. வெண்டைக்காய் மட்டும் போன மாதிரியே, பயணக் களைப்புகூட இல்லாமல், திரும்பி வந்திருந்தது.

“எண்ணிப் பார்த்துட்டேன் அண்ணே,” என்றார் பிளம்பர். “ஒரு துண்டுகூடக் குறையல. எனக்கென்னமோ ரெண்டு துண்டு கூடியிருக்கிற மாதிரித்தான் தெரியுது.”

டெய்லர் கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். வேறு எதையும் சரிசெய்ய முடியாதபோது அவர் அதைத்தான் சரிசெய்வார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள். குழாய் இழுத்துத் தண்ணீர் விட்டது பிளம்பர். பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாவது, புதன்கிழமை மத்தியானம், பறித்த கையோடு சமைத்த காயைச் சாப்பிட வேண்டும் என்பது திட்டம். திட்டத்துக்கு ஒரு குழு. குழுவுக்குத் தலைவர் டெய்லர். தலைவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு அவர் போகவில்லை, அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் அன்று டாக்டரிடம் போயிருந்தார். பக்கத்து நாற்காலியில் மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாம் வகுப்பு. தாயில்லாத வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். ஒருவர் டாக்டரிடம் போனால் இன்னொருவரும் போயாக வேண்டும்.

“சர்க்கரை ஏறியிருக்கு,” என்றார் டாக்டர். “பன்னை விடுங்க, காய்கறி சாப்பிடுங்க. மூணு மாசம் பார்ப்பேன். இறங்கலன்னா தினமும் ஊசிதான்.”

“ஊசி எனக்குப் புதுசா டாக்டர்? நாளைக்கு ஆயிரம் தடவ குத்துறவன் நான்.”

“நீங்க துணியக் குத்துவீங்க. இது உங்களக் குத்தும்.”

டெய்லர் சிரித்தார். மகளின் கால் ஆட்டம் நின்றது. வெளியே வந்து டெய்லர் எதிர்க்கடையில் ஒரு டீயும் இரண்டு பன்னும் சாப்பிட்டார். டெய்லர் விவரம் தெரிந்த நாளிலிருந்து காய்கறியை வாயில் வைத்தவரில்லை. காய்கறிக் குழுவில் இது யாருக்கும் தெரியாது.

அந்த முதல் புதன்கிழமை, திரும்பி வந்த தட்டுகளை எட்டிப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை சொன்னார்: “இந்தப் பருவம் முடியிற வரைக்கும் டைம் தரேன் டெய்லர். அதுக்குள்ள பிள்ளைங்க சாப்பிடலன்னா, அந்த இடத்துல வண்டி நிறுத்த ஷெட் போட்டுடுவேன். டீச்சருங்க ஸ்கூட்டர் எல்லாம் வெயில்ல காயுது.”

“வண்டி காயுறது தெரியுது,” என்று பிளம்பர் முணுமுணுத்தார். “காய் காய்க்கிறது தெரியல.”

டெய்லர் தட்டுகளைத் திரும்பவும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் முன்னால் வைத்தார். வெண்டைக்காயை முதலில் ஒதுக்கிய தட்டு எது என்று விசாரித்தபோது அது அவர் மகளுடைய தட்டு. பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பொக்கை உட்கார்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் இல்லாததால் வந்த பெயர். பொக்கையின் விரல்கள் மெதுவாக ஊர்ந்து ஒரு வெண்டைக்காய்த் துண்டின் பக்கம் போயின. மகள் ஒரு பார்வை பார்த்தாள். விரல்கள் வந்த வழியே திரும்பிப் போயின.

‘இவளைப் பார்த்துச் சின்னதுகளும் கெடுது’ என்று நினைத்தார் டெய்லர். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். இந்த வீட்டில் நூல் அவர் ஒருவர்தான். நூலே சரியில்லாதபோது சேலையை என்ன சொல்ல?

“ஏன் பாப்பா சாப்பிடல?”

“நல்லாருக்குமாப்பா?”

“பிரமாதமா இருக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

நாற்பத்திரண்டு தலைகள் திரும்பின. டெய்லர் ஒரு துண்டை எடுத்து, சட்டைப் பொத்தானை விழுங்குவது போல விழுங்கினார்.

“பிரமாதம்,” என்றார், கண்ணில் நீரோடு.

“ஒண்ணுல எப்படிப்பா தெரியும்?” என்றாள் மகள்.

அன்று ஏழு துண்டு உள்ளே போயிற்று. எல்லாம் டெய்லருக்குள்.

மிச்சம் பிளம்பர் வீட்டு ஆடுகளுக்குப் போயிற்று. ஆடுகள் குறை சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை டெய்லர் ஒரு பிரசங்கத்தோடு வந்தார். உலகத்தில் எந்தப் பெற்றோரும் தோற்காத ஆயுதம் அது.

“பிள்ளைங்களா! வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு வரும்!”

கூடம் உறைந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டையே தள்ளி வைத்துவிட்டான்.

“ஏற்கெனவே வாரத்துல அஞ்சு நாள் வருது மாமா!”

“புதன்கிழமையில ரெண்டு தடவ வருது!” என்றது இன்னொரு குரல்.

“ஐயோ, அந்தக் கணக்கு இல்லடா!” டெய்லர் பதறினார். “சரி, வராது! வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கே வராது, போதுமா?”

“அப்படியா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தலைமையாசிரியை. கணக்கு டீச்சரும் அவரே.

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்ற நிலை டெய்லருக்கு. அப்போது மகள் எழுந்து நின்றாள்.

“டீச்சர், சோதிச்சுப் பார்க்கலாமே. அப்பா சாப்பிடட்டும். கணக்கு வருதா இல்லையான்னு தெரிஞ்சிடும்.”

ஒரு கிண்ணம் வெண்டைக்காய் வந்தது. டெய்லர் சாப்பிட்டார்.

“பதினேழு எட்டு எவ்வளவுப்பா?”

துணிக் கணக்கு என்றால் டெய்லருக்குத் தூக்கத்திலும் வரும். ஆனால் எண்பத்தாறு கண்களும் ஒரு தலைமையாசிரியையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவருக்கு வரும்?

“நூத்து... இருபத்தாறு?”

“இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுப் பாருப்பா.”

இரண்டாவது கிண்ணத்தில் நூற்று நாற்பத்தாறு. மூன்றாவதில் நூற்றுப் பதினாறு. நாலாவது கிண்ணத்தின் அடியில் நூற்று முப்பத்தாறு கிடைத்தது.

“வந்துடுச்சு! கணக்கு வந்துடுச்சு!” என்று துள்ளினார் டெய்லர்.

“பார்த்தீங்களா?” என்றான் மூன்றாம் வகுப்பு, மற்றவர்களிடம். “நிஜமாவே வருது. யாரும் தொடாதீங்க.”

நாற்பத்து மூன்று தட்டுகளும் திரும்பி வந்தன.

அதற்கப்புறம் வெண்டைக்காயை விட்டுக் காரட்டுக்குத் தாவினார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிள்ளைகள் தரப்பில் டெய்லரின் மகளே வந்தாள்.

“ஒருத்தருக்கு ஒரு துண்டு நீங்க முன்னாடி சாப்பிட்டுக் காட்டணும். அப்புறம் நாங்க எல்லாரும் சாப்பிடுவோம்.”

“இது நல்ல ஒப்பந்தம் அண்ணே,” என்றார் பிளம்பர். “ஒத்துக்கோங்க.”

நாற்பத்து மூன்று துண்டு. மென்றுதான் தின்ன வேண்டும் என்று ஒரு கிளை விதி வேறு. நாற்பத்து மூன்றாவது துண்டு தொண்டையில் இறங்கியபோது மணி அடித்தது. பிள்ளைகள் கையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு ஓடிவிட்டார்கள்.

“அடுத்த தடவ வேகமா மெல்லணும் அண்ணே,” என்றார் பிளம்பர்.

“நீ ஒரு துண்டு மெல்லக்கூடாதா?”

“தலைவர் நீங்கதானே?”

வேகம் வருவதற்காக வீட்டிலும் பயிற்சி தொடங்கியது. காலையில் டெய்லர் பன்னை எடுத்தால் மகள் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். “அப்பா, பிராக்டீஸ்.” வேகவைத்த பீன்ஸ், பச்சை வெள்ளரி, கீரை. அவள் கையில் பள்ளிக்கூடத்து மணியாக ஒரு கரண்டி இருக்கும். அவர் மெல்வார், அவள் எண்ணுவாள். ராத்திரிச் சாப்பாட்டிலும் அதே. வயிற்றில் இடமில்லாமல் பன் கடைக்குப் போவதே நின்றுபோயிற்று.

“நீயும் ஒரு வாய் சாப்பிடேன் பாப்பா.”

“முதல்ல நீ தேறு. அப்புறம் பார்ப்போம்.”

சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி கீரை வைப்பாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். டெய்லருக்கு அது தாங்காது. எட்டு வாரம் ஆயிற்று, ஒன்பது வாரம் ஆயிற்று. தன் கெட்ட பழக்கம் பிள்ளைக்குள் இறங்கிவிட்டது. அதை வெளியே எடுக்கத் தெரியவில்லை. தையலைத் தப்பாகப் போட்டால் பிரித்துத் தைக்கலாம். பிள்ளையை எப்படிப் பிரிப்பது?

ஒருநாள் பிளம்பர், “அண்ணே, பேன்ட் கழலுது,” என்றார்.

டெய்லர் டேப்பை எடுத்துத் தன் இடுப்பையே அளந்தார். இரண்டரை இஞ்ச் காணோம்.

“கவலைதான்,” என்றார் பிளம்பர் உருக்கமாக. “தோட்டத்துக் கவலை உங்கள உள்ளுக்குள்ள அரிச்சிடுச்சு.”

டெய்லர் பேன்ட்டைப் பிடித்துத் தைத்துக்கொண்டார். அப்படியே மகள் கேட்டபடி அவள் சீருடையில் ஒரு சின்னப் பையும் வைத்துத் தைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “ஒரு முக்கியமான பொருள் வரவேண்டியிருக்கு,” என்றாள்.

பருவத்தின் கடைசிப் புதனுக்கு முந்தின நாள், டாக்டரிடம் போகும் முறை வந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், டெய்லரைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

“என்னய்யா பண்ணுனீங்க? சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. ஊசி வேண்டாம்.”

“சரிங்க,” என்றார் டெய்லர். அவர் மனசு முழுக்க ஷெட் நின்றுகொண்டிருந்தது.

மகள்தான் நாற்காலியை விட்டு எழுந்து மேஜையருகே போனாள். “நிஜமாவா டாக்டர்? எழுதிக் குடுங்க.”

டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்து, சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை வந்தது. தலைமையாசிரியையும் வந்தார்.

“டெய்லர், உங்க டேப்பைக் கொஞ்சம் குடுங்க. ஷெட்டுக்கு அளவு எடுக்கணும்.”

கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றிக் கொடுத்தபோது டெய்லருக்கு உயிரைக் கழற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் போய் நின்றார். தோட்டத்தின் கடைசி வெண்டைக்காய் நாற்பத்து மூன்று தட்டுகளில் ஆவி பறக்கக் காத்திருந்தது. டேப் இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“பிள்ளைங்களா, ஒரு உண்மையச் சொல்லிடறேன். எனக்குக் காய்கறி புடிக்காது. சாப்பிட்டதே இல்ல. நானே சாப்பிடாம உங்களச் சாப்பிடுன்னு சொன்னேன் பாருங்க, அது என் தப்பு. இந்த மூணு மாசமா உங்களுக்காகச் சாப்பிட்டேன். இப்ப... இப்ப எனக்குப் புடிச்சுப்போச்சு. அதான் சொல்ல வந்தேன். நீங்க சாப்பிடலன்னாலும் பரவால்ல. உங்க மேல கோவம் இல்ல.”

மகள் எழுந்து நின்றாள். பையிலிருந்து வெள்ளையாக எதையோ எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேலே ஆட்டினாள். கைக்குட்டை என்று நினைத்தார் டெய்லர். பாவம், குழந்தை அழுகிறது.

அடுத்த நொடி நாற்பத்து மூன்று கைகள் வெண்டைக்காய்மேல் பாய்ந்தன.

மூன்றாம் வகுப்பு இரண்டு கையாலும் தின்றான். பெரிய வகுப்புப் பெண்கள் அண்டாவுக்கே வந்துவிட்டார்கள். அவர் மகள் முதல் தட்டை முடித்து, இரண்டாம் தட்டை முடித்து, விரலைச் சப்பினாள். அண்டாவின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. தோட்டத்திலிருந்து திரும்பி வந்த தலைமையாசிரியை வாசலிலேயே நின்றுவிட்டார். கையிலிருந்த டேப் தளர்ந்து தொங்கியது.

“ஷெட்டை முன்பக்கம் போட்டுக்கலாம்,” என்றார் கடைசியில், டேப்பை நீட்டி.

“பேச்சு அண்ணே, பேச்சு!” பிளம்பர் மூக்கை உறிஞ்சினார். “இந்த ஒரு பேச்சை முதல் வாரமே பேசியிருந்தீங்கன்னா!”

“உண்மைக்கு ஒரு சக்தி இருக்குப்பா,” என்றார் டெய்லர் அடக்கமாக.

அப்போது பொக்கை காலித் தட்டோடு ஓடிவந்தாள். டெய்லரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மகளின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, உங்கப்பாவுக்கு ஊசி இல்லன்னு சீட்டு வந்துடுச்சுல்ல... இனிமே நாங்க வெண்டைக்காய் புடிக்காத மாதிரி நடிக்க வேண்டாம்தானே?”