பெரியவர் சொன்ன ஒரு சிறு திருத்தம்

வரலாறு, நீதி, மீண்டெழுதல் ஆகிய மூன்றையும் இன்றைய நாகரிகம் ஒரே மாலையில், இரண்டு சோபாக்களுக்கு நடுவில் வைத்து முடித்துவிடுகிறது. இந்த மகத்தான சாதனைக்கு 'நூலாசிரியருடன் ஓர் உரையாடல்' என்று பெயர். அத்தகைய உரையாடல்களில் உண்மை தப்பித்தவறி வெளிவந்தது ஒரே ஒரு முறைதான். அந்தப் பெருமை முழுவதும் ஒரு பெரியவரைச் சேரும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு சாய மாட்டார். தான் சாய்ந்தால் குடும்பமே சாய்ந்துவிடும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். தம்பி இறந்த சில நாட்களில், தம்பியின் மனைவி நாலு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு குடும்ப வீட்டிலிருந்து வெளியேறினாள். "அவளாப் போனா" என்று பெரியவர் உறவுக்கெல்லாம் அறிவித்தார். அவர் அறிவித்துவிட்டால் அது வரலாறு. அதன்பிறகு எந்தக் கல்யாணப் பத்திரிகையும் அந்தப் பெண்மணி பிழைப்புக்கு வைத்த தையல் கடையின் படி ஏறவில்லை. வீட்டை விட்டு ஓடினவளை மானமுள்ள குடும்பம் எப்படிக் கூப்பிடும்?

அந்த நாலு வயதுப் பெண் வளர்ந்து, வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாள். கடைசி அத்தியாயம் அவளுடைய அம்மா. பெரியவர் சிவப்புப் பென்சிலும் கையுமாக அதைப் படித்தார். தன் பெயர் எங்கும் இல்லை. 'ஓர் உறவினர்' என்றுதான் இருந்தது. பரவாயில்லை, பெண்ணுக்குக் கொஞ்சம் மரியாதை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்தவருக்கு ஒரு வரியில் பென்சில் முறிந்தது. 'அந்த உறவினருக்கு எங்கள் முகத்தைப் பார்க்கப் பயம். காவலாளியை அனுப்பிக் கேட்டைப் பூட்டச் சொன்னார்.'

"பயமாம்!" என்றார் மனைவியிடம்.

"நம்ம வீட்டுல ஏதுங்க காவலாளி? பொய்தானே எழுதியிருக்கா, விடுங்க."

"எப்படி விடறது? நம்ம பரம்பரையில எவன் எவனுக்குப் பயந்திருக்கான்?"

"அதான் நீங்க பூட்டவே இல்லையே. அவளாத்தானே போனா? நான் எங்கம்மா வீட்டுல இருந்தப்ப நீங்கதானே போன் பண்ணிச் சொன்னீங்க."

பெரியவர் புதுப் பென்சில் தேடப் போனார். வரலாற்று ஆய்வு குடும்பப் பெண்களுக்கு உரியதல்ல.

உரையாடல் நாளன்று குடும்பமே இஸ்திரி போட்ட உடையில் முன்வரிசையை நிரப்பியது. தான் எழுந்து பேசி முடித்ததும் பலமாகக் கைதட்ட வேண்டும் என்பது பெரியவரின் உத்தரவு. அந்தப் பொறுப்பு மைத்துனரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கடைசி வரிசையில், கதவோரமாக, தையல்காரப் பெண்மணி மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பின்னால் நிகழ்ச்சியை ஆதரித்த மெத்தைக் கம்பெனியின் பதாகை தொங்கியது: 'எவ்வளவு அமுக்கினாலும் எழுவோம்'.

நெறியாளர் நன்கு தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். புத்தகம் முழுக்க வண்ணக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. போன வாரம் சாக்கடைகளின் வரலாறு எழுதியவரின் புத்தகத்திலிருந்து பிரித்து ஒட்டியவை. கேள்வியும் அதே கேள்விதான்.

"உங்க வலியை நீங்க எப்படிக் கடந்து வந்தீங்க?"

"நான் எங்கேங்க கடந்தேன்? எனக்கு நாலு வயசு. அம்மாதான் தூக்கிட்டுக் கடந்தாங்க."

"ரொம்ப முக்கியமான பதில். அந்தக் காவலாளியை மன்னிச்சிட்டீங்களா?"

"காவலாளி என்ன பண்ணுவாரு, பாவம். அவரை அனுப்பினவரு இருக்காரே, அவருதான் கோழை. நேர்ல வந்து நிக்க அவருக்குத் தைரியம் இல்ல."

முன்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"மாமா, உக்காருங்க" என்று மைத்துனர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கேள்வி நேரம் இன்னும் ஆரம்பிக்கல ஐயா" என்றார் நெறியாளர்.

"எனக்குக் கேள்வி எதுவும் இல்ல. ஒரு திருத்தம் இருக்கு." மைக் அவர் கைக்கு வந்தது, வராமல் எங்கே போகும்? "வரலாறு எழுதறவங்க நாலு பேரை விசாரிச்சு எழுதணும். அந்த வீட்டுல காவலாளியே கிடையாது. பூட்டினது நான். இந்தக் கையால, பட்டப்பகல்ல! இவம்மா வெளியில நின்னு, பாப்பாவோட செருப்பையாவது எடுத்துக்கறேன்னு கெஞ்சினா. நான் அசைஞ்சேனா? கண்ணுக்கு நேரா பாத்து, 'உனக்கு இங்க ஒண்ணும் இல்ல, போ'ன்னேன். தெருவே பாத்துச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் வாயைத் திறக்கல. அதுக்குப் பேரு மரியாதை. இதுல பயம் எங்கே வந்துச்சும்மா?"

உத்தரவுப்படி மைத்துனர் கைதட்டினார். தட்டியது தான் ஒருவர்தான் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"நன்றி பெரியப்பா" என்றாள் தம்பி மகள். "காவலாளி இல்லைன்னு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதினே?"

"முதல்ல நடந்ததைத்தான் எழுதினேன். பதிப்பகத்து வக்கீல் அம்மாவைத் தவிர வேற சாட்சி எங்கேன்னாரு. உங்க தெருவுல வீடு வீடா ஏறி இறங்கினேன். எல்லாரும் ரொம்ப மரியாதையா இருந்தாங்க. அதான் ஒரு காவலாளியை வேலைக்கு வெச்சேன். மத்தது நீங்க பாத்துப்பீங்கன்னு தெரியும்."

நெறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவர் பக்கம் திரும்பினார். "ரொம்ப முக்கியமான தருணம். ஐயா, இந்த வலியை நீங்க எப்படிக் கடந்து வந்தீங்க?"

பெரியவர் பதிலை யோசிப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி எழுந்தார்.

"போன்ல அழுதுக்கிட்டே சொன்னீங்களேங்க, அவளாப் போயிட்டான்னு" என்றார். மைக் இன்னும் அணைக்கப்படாததால் அது கடைசி வரிசைவரை கேட்டது. பிறகு அவரே கடைசி வரிசைவரை நடந்தார். தையல்காரப் பெண்மணி பக்கத்து நாற்காலியில் கிடந்த குடையை எடுத்துக் கீழே வைத்தார். ஓரகத்தி உட்கார்ந்தார்.

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. காவலாளி வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். பெரியவர் நின்று நிலைநாட்டிய குடும்ப மானம், ஓர் எழுத்துப்பிழை இல்லாமல், அடிக்குறிப்பில் அச்சேறியிருக்கிறது:

'கேட்டைப் பூட்டியவர் என் பெரியப்பா. சாட்சி: அவரே. சொன்ன விதம்: பெருமையாக.'