சொல்தா காவல் காத்த கல்

காலை ஏழு நாற்பதுக்கு, ஆபரேஷன் அறை வாசலில், டாக்டர் உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். "ஏம்மா, உங்க பொண்ணுக்கு வயசு பத்தொன்பதுதானே? இது கிழவனோட முதுகெலும்பா இல்ல இருக்கு?"

எனக்குப் புரிந்துவிட்டது. இது சொல்தாவின் வேலை.

சிறுநீரகக் கல்லைப் பற்றிச் சொல்தாவுக்குத் தெரியாதது சிறுநீரகத்துக்கே தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்; அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். தனக்கு இறங்கிய பதினோரு கற்களையும் மாத்திரை சீசாவில் வைத்திருந்தார். "இது சைகோன்ல வுழுந்தது, இது மர்செய்ல" என்று குலுக்கிக் காட்டுவார். வந்தவர்கள் காபியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

மூன்று நாளுக்கு முன், என் மகள் மர்த்தாவின் முதுகில் சின்னத் துளை போட்டுக் கல்லை எடுக்கப்போகிறார்கள் என்றதும் என்னை விசாரித்தார். "கல்லு எம்மாம் பெருசு? கெட்டியா, பொடியுமா? ஒண்ணா, கூட்டமா? டாக்டரு இதுக்கு முன்ன எத்தினி பேருக்குத் தொளை போட்ருக்காரு?"

"அதெல்லாம் பரவாயில்லையாம். கல்லு இருக்கிற இடம்தான் முக்கியமாம். நகர்ந்துட்டா கஷ்டம்னார்."

சொல்தாவின் முகம் மாறியது. "படத்தக் குடு, டீச்சரம்மா. பாத்துட்டுத் தரேன்."

அன்று மாலையே உறையைத் திருப்பிக் கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

"படமில்லாம துளை போட மாட்டேன்," என்றார் டாக்டர். மருந்தேற்றிப் புதுப் படம் எடுக்க அரை நாளாகும். அவரோ மாதம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து வருபவர்; மத்தியானம் கிளம்பிவிடுவார். அவரை விட்டால், விலாவைக் கிழித்து எடுப்பதுதான் வழி. மர்த்தா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் விரலை விடாமல் பிடித்திருந்தாள். என் கணவர் ஸ்கூட்டரில் சொல்தா வீட்டுக்குப் பறந்தார். இதை எழுதும்போது அவள் பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். இருந்தும் ஒருமுறை எழுந்துபோய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எட்டரைக்கு ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. ஸ்கூட்டரில் ஏறினால் படம் மடங்கும் என்று சொல்தா மறுத்துவிட்டாராம். மெடல்களைக் குத்திக்கொண்டு, படத்தை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி சொல்தா இறங்கினார். பின்னால், ரிக்‌ஷாவின் வேகத்திலேயே ஸ்கூட்டர் ஓட்டி வேர்த்துப்போன என் கணவர்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"டாக்டருதான் போன மாசமே பாத்துட்டாரே. கவரு காலியா இருந்தா நீ பயந்துடுவன்னு எம் படத்த வச்சேன்."

பிறகு மர்த்தாவின் பக்கம் குனிந்தார்.

"பயப்படாத பாப்பா. மூணு நாளா ஒம் படத்த ஜன்னல்ல ஒட்டிவச்சுக் காவலுக்கு உக்காந்துகினு இருந்தேன். கல்லு ஒரு நூலுகூட நவுரல."