காத்து நின்னா வண்டி நிக்கும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சின்னாளபட்டி சாயப்பட்டறைக்குப் போய் ஒரு புடவைய வாங்கணும், திண்டுக்கல்லு திரும்பி வந்து சாணார்பட்டி போற பஸ்ஸுல ஏறணும். அம்புட்டுத்தான்.

அத என்கிட்ட விட்டதுதான் தப்பு.

புடவை யாருக்குன்னா, அம்மனுக்கு. என் வீட்டுக்காரி மரகதம் சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடுறவ. சாணார்பட்டிக்கு இந்தப் பக்கம் அவ பொறந்த ஊரு. அங்க ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குப் புடவை சாத்துறதா நேந்துக்கிட்டா. கடையில வாங்குனா ஆகாதாம். தன் கையாலயே, கண்ணு பொங்கப் பொங்க, கடுகு கடுகா முடிச்சுப் போட்டா. சாயம் மட்டும்தான் வெளிய.

முந்துன நாளே அவ ஊருக்குக் கிளம்பிட்டா. வாசல்ல நின்னு சொன்னா, "ஏங்க, உச்சிப் பூசைக்கு முன்னாடி புடவை வந்திரணும். நேரம் தவறுனா பூசாரி பழசையே சாத்திருவாரு. அப்புறம் அடுத்த ஆடிதான். பஸ்ஸுல வாங்க. புரியுதா? பஸ்ஸுல."

பஸ்ஸுலன்னு ஏன் ரெண்டு வாட்டி சொன்னான்னு கேக்குறீகளா? எங்க கடைக்குப் பின்னாடி நின்ன வண்டிய அவளுக்குத் தெரியும்.

அப்ப நான் வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தேன். ஒரு நாளு டீக்கடையில வடை மடிச்சுக் குடுத்த வெளிநாட்டுப் பத்திரிகைத் தாள்ல ஒரு படம். மூணு சக்கரம், ஒரு கம்பம், கம்பத்துல துணி. ஒரு வெள்ளக்காரன் மல்லாக்கப் படுத்துக்கிட்டு மணல்ல பறக்குறான். பெட்ரோல் இல்ல, மிதிக்கிறது இல்ல. காத்துலயே ஓடுது!

எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு. ஏன்னா, என் சகலை அந்த வருசந்தான் புது ஸ்கூட்டர் எடுத்திருந்தான். புக் பண்ணி வருசக்கணக்கா காத்துக் கெடந்து வாங்குன வண்டி. மாமனார் வீட்டு விசேசத்துக்கு நான் போனா, "வாங்க மாப்ள"ம்பாரு. அவன் போனா வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க மாப்ள, வண்டிய நெழல்ல விடுங்க"ம்பாரு. அந்த நெழலு எனக்கு வேணும்ல?

பேகம்பூர்ல நம்ம காதர் பாய் வெல்டிங் பட்டறை வச்சிருந்தாரு. படத்தக் காட்டுனேன். ஒரு ஓட்டக் கட்டில் சட்டம், கடையில இருந்து மூணு சைக்கிள் சக்கரம், முன்னாடி ஒரு ஹேண்டில்பார், நடுவுல மூங்கில். ரெண்டு வேட்டிய மூட்டிக் கப்பலுக்குக் கட்டுற மாதிரி பாய் கட்டியாச்சு.

எல்லாம் முடிஞ்சதும் காதர் பாய் வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. "ஏம்ப்பா, பிரேக் எங்க?"

"காத்து நின்னா வண்டி நிக்கும் பாய்."

"காத்து எப்ப நிக்கும்?"

"அது நிக்கிறப்ப நிக்கும்."

"யா அல்லா"ன்னுட்டு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாரு.

நீங்களே சொல்லுங்க. வாடகை சைக்கிள்ல பிரேக் இருந்து யாராச்சும் பாத்திருக்கீகளா? எங்க கடை சைக்கிளுக்கெல்லாம் காலுதான் பிரேக். அப்பேர்ப்பட்ட தொழில்ல இருந்தவனுக்கு அந்த நெனப்பு எங்கிட்டு வரும்?

வறண்ட குளத்துக்குள்ள விட்டுப் பாத்தோம். ஜம்முனு ஓடிக் கரையில முட்டி நின்னுச்சு. "பாத்தீகளா பாய், நின்னுருச்சு!"ன்னேன். சோதனை ஓட்டம் வெற்றி.

சரி, அன்னைக்கு வெள்ளிக்கெழமைக்கு வருவோம். விடியக்கால சைக்கிள மிதிச்சு சின்னாளபட்டி போயிட்டேன். புடவை இன்னும் காயல. அரக்குச் செவப்பு, நச நசன்னு ஈரம். "செத்த நேரம் இருங்க, ஆடிக்காத்துல காஞ்சிரும்"னாரு பட்டறைக்காரரு. அவரு செத்த நேரம்னது வெயிலு ஏறுற வரைக்கும். பாதி ஈரத்தோடயே மடிச்சு வாங்கிக்கிட்டுத் திண்டுக்கல்லு வந்தா, பஸ்ஸு அப்பத்தான் பொகையக் கக்கிக்கிட்டுப் போகுது. ஓடுனா ஏறிருக்கலாம்.

ஓடல. மேக்க இருந்து காத்து அடிச்சுச்சு பாருங்க, கடைப் பலகையே ஆடுது. ரோடு கிழக்க போகுது, காத்தும் கிழக்க போகுது. மாமனார் வீட்டு வாசல்ல சகலை ஸ்கூட்டரு பக்கத்துல என் வண்டி நிக்கிற மாதிரி மனசுல ஒரு காட்சி. நிக்கிற மாதிரி! அதத்தான் நெனச்சுப் பாத்தேன்.

பாதுகாப்புல நான் ஒரு குறையும் வைக்கல. மூணு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சேன். பூசணிக்கா சுத்தி ஒடச்சேன். கம்பத்துல வேப்பங்கொத்து, ஹேண்டில்பார்ல கறுப்புக் கயிறு. கடைத்தெருவே கூடி நின்னு யோசனை சொல்லுச்சு. "படிகாரம் கட்டுப்பா", "செருப்பு ஒண்ணத் தொங்க விடுப்பா, கண்ணு படும்". பிரேக்கப் பத்தி ஒரு ஆளு வாயத் தொறக்கல. காதர் பாய் அன்னைக்கு ஜும்மாவுக்குக் குளிக்கப் போயிட்டாரு.

புடவைய மஞ்சப்பையில போட்டு மடியில வச்சுக்கிட்டு, படுத்தேன், பாயை அவுத்தேன்.

அடேயப்பா! நத்தம் ரோட்டுல அன்னைக்கு நான் ராசா. மாட்டு வண்டியத் தாண்டுனேன். ஒரு நிறுத்தத்துல ஆளு ஏத்திக்கிட்டு நின்ன அந்தப் பஸ்ஸையும் தாண்டிட்டேன். கண்டக்டர் தலைய வெளிய நீட்டி, "ஏலே, யாருலே நீ!"ன்னான். ராசா எதுக்கு பதில் சொல்லணும்?

வேட்டியோட கரையப் பாத்துட்டு ஒரு ஊருல என்னையக் கட்சிக்காரன்னு நெனச்சுட்டாங்க. ஒரு பெரியவரு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வண்டி கூடவே ஓடி வாராரு. "தம்பி, எங்க தெருவுல குழாயில தண்ணி வரல தம்பி!"

"பாக்குறேன் ஐயா!"

"எப்பப் பாப்ப?"

அதுக்குள்ள நான் அடுத்த ஊருக்குப் போயிட்டேன். கேட்டுட்டு நிக்காமப் போன மொத ஆளு நான் இல்ல, அவரும் அதுக்கு மேல ஓடல.

அப்பத்தான் ரோட்டோரத்துக் கருவேல மரம் கைய நீட்டுச்சு. சர்ர்ருனு ஒரு சத்தம். ரெண்டு வேட்டியும் நாலா எட்டா கிழிஞ்சு தொங்குது. வண்டி உருண்டு உருண்டு நின்னுருச்சு. சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல.

செத்த நேரத்துல அந்தப் பஸ்ஸு வந்துச்சு. கைய ஆட்டுனேன். கண்டக்டரும் சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டிட்டுப் போயிட்டான்.

சூரியன் உச்சிக்கு வந்துக்கிட்டிருக்கு. அவ கண்ணத் தேச்சுத் தேச்சு முடிச்சுப் போட்டதெல்லாம் கண்ணு முன்னாடி வருது. பூசாரி பழைய புடவைய எடுத்துக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாப்புல வருது. நடந்து போனா பொழுது சாஞ்சிரும். காத்து மட்டும் நிக்காம அடிக்குது. துணிதான் இல்ல.

துணி இருக்கு. மஞ்சப்பையில.

"ஆத்தா, உன் புடவைதான், உன்கிட்டத்தான் கொண்டாறேன், கோவிச்சுக்காத"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு, புடவைய விரிச்சு மூங்கில்ல கட்டுனேன். கட்டி முடிக்கல, வண்டி கிளம்பிருச்சு. ஓடிப் போய்த் தொத்திக்கிட்டேன்.

வேட்டிக்கு ஓடுனது ஓட்டமா? இது பேயோட்டம்! ஈரப் புடவை பட்டு பட்டுனு மூஞ்சியில அடிக்குது. முன்னாடி ஒண்ணும் தெரியல. காலத் தேச்சு நிறுத்தப் பாத்தேன். ஒரு செருப்பு பிஞ்சு பறந்துச்சு. இன்னொண்ணு அதத் தேடிப் போச்சு.

தூரத்துல கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. மாமனார் ஊரு வந்துருச்சு!

ஊரே முளைப்பாரியோட தெருவுல நிக்குது. அவுக கண்ணுக்கு நான் தெரியல. செவப்புப் புடவை மட்டும், வேப்பங்கொத்து ஆட, காத்துல தன்னப்போல வாரது தெரியுது. ஒரு பொம்பள கத்துனா பாருங்க, "ஆத்தா வாராடி!" அம்புட்டுத்தான். குலவையும் கொட்டும் ஒண்ணாச் சேந்து வானத்தத் தொடுது.

"வழி விடுங்க! பிரேக் இல்ல! தள்ளுங்க!" நான் தொண்டை கிழியக் கத்துறேன். ஒருத்தன் காதுலயும் விழல. நல்லவேளையா கும்பிட்டுக்கிட்டே ரெண்டு பக்கமும் ஒதுங்கிட்டாங்க. ஒருத்தன் குறுக்க ஓடி வந்து தேங்கா ஒடச்சான். ஒரு அக்கா குடத்துத் தண்ணிய சக்கரத்துல ஊத்துச்சு. அதுல வேகம் கொறஞ்சிருந்தா அந்த அக்கா கால்ல விழுந்திருப்பேன்.

கோயில் வாசல்ல, பந்தல் நெழல்ல, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு நிக்குது என் சகலையோட ஸ்கூட்டரு.

டமார்!

ஸ்கூட்டரு சாஞ்சுச்சு. வண்டி பந்தக்காலச் சுத்தி நின்னுச்சு. நான் மட்டும் நிக்கல. நேராப் போய்க் கம்மங்கூழ் அண்டாவுக்குள்ள உக்காந்தேன். ஆறுன கூழு. அதுவும் ஆத்தா புண்ணியம்.

எந்திரிச்சா, ஊரு மொத்தமும் என் முன்னாடி கையெடுத்து நிக்குது. புடவைச் சாயம் அடிச்சு அடிச்சு மூஞ்சி, கையி, சட்டை எல்லாம் ரத்தச் செவப்பு. உடம்பு வெடவெடன்னு ஆடுது. அது பயத்துல ஆடுறது. அவுக சாமி ஆடுறதா நெனச்சுட்டாங்க. என்னைய எப்பவும் ஒத்த "வாங்க"வோட நிறுத்துற மாமனாரு, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு பவ்யமா கேக்குறாரு, "ஆத்தா, மழை எப்ப வரும்?"

எனக்கு வேற நெனப்பே இல்ல. "காத்து நின்னாத்தான்!"னு அலறுனேன்.

"சத்தியவாக்கு!"ன்னு ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு. சகலை மட்டும் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரத் தடவிக்கிட்டு, "இது சாமி இல்ல மாமா, இது..."ன்னு ஆரம்பிச்சான். "வாய மூடுங்க மாப்ள"ன்னுட்டாரு மாமனாரு. கூழுல நனஞ்சு நின்ன எனக்கு அது போதும்.

உச்சிப் பூசை மணி அப்பத்தான் அடிச்சுச்சு. பூசாரி புடவைய அவுத்து எடுத்தாரு. கிழியல! ஆனா ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்குக் கிரீஸ். மரகதம் அதப் பாத்தா. கையில வாங்கி, கிரீசு கொசுவத்துக்குள்ள போற மாதிரி மடிச்சுக் குடுத்தா. சாத்துனாங்க. செவப்புல வெள்ளப் புள்ளி புள்ளியா, ஆத்தா அம்புட்டு அழகா இருந்தா. மரகதத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கும்தான்.

அப்புறம் என்னையக் கோயில் பின்னாடி கூப்புட்டா. "ஊருக்குத் தெரியாது. ஆத்தாளுக்குத் தெரியும்ல?"

தலையக் குனிஞ்சுக்கிட்டேன். வெக்கமாப் போச்சு.

"பஸ்ஸுலதானே வரச் சொன்னேன்? அந்தக் கருமத்துக்குப் பிரேக் எங்க?"

வாயி சும்மா இருக்கணும்ல? பழக்க தோசத்துல சொல்லிட்டேன். "காத்து நின்னா வண்டி நிக்கும்."

"அப்படியா? நல்லது. காத்து நிக்கட்டும். அன்னைக்கு நான் வீட்டுக்கு வாரேன்"னா.

ராத்திரி பஸ்ஸுல நான் ஒத்தையில வந்தேன், வெறுங்காலோட. வண்டிய ஊர்க்காரவுக தரல. அம்மன் வந்த வாகனமாம், குதிரை வாகனத்துக்குப் பக்கத்துல நிறுத்திப் பூட்டிட்டாங்க. செஞ்சது நானு, பேரு ஆத்தாளுக்கு.

அதுக்கப்புறம் தெனம் காதர் பாய் கடை வழியாப் போறப்ப கேப்பாரு, "என்னப்பா, காத்து நின்னுச்சா?" நான் மேக்க பாப்பேன். கடைப் பலகை ஆடிக்கிட்டே இருக்கும். ஆடி போச்சு, ஆவணி போச்சு, வெஞ்சனம் இல்லாம வெறும் மோருஞ்சோறு தின்னு நாக்கு செத்துப் போச்சு.

ஐப்பசியில காத்து நின்னுச்சு. மறுநாளே மழை கொட்டுச்சு. மாமனார் ஊருல என் வாக்கு பலிச்சிருச்சுன்னு பொங்க வச்சாங்களாம். சாயங்காலம் நனஞ்ச குடையோட மரகதம் வந்து எறங்குனா. பஸ்ஸுல.

இப்ப எவன் புது வண்டி கொண்டாந்து காட்டுனாலும், எலுமிச்சம்பழம் வைக்கிறதுக்கு முன்னாடி நான் குனிஞ்சு பாக்குறது பிரேக்கத்தான்.