சதுரப் பனி

டொக்டர் டேனிஷில் இரண்டு நிமிடம் பேசினார். செல்வரட்ணம் அதைத் தமிழில் அரை வரியாக்கினார்.

"என்னவாம்?" என்று கேட்டாள் விமலாதேவி.

"காத்து மாறினால் நல்லதாம்."

டொக்டர் சொன்னது வேறு. விமலாதேவியின் இதயம் களைத்துவிட்டது, விமானமும் கூடாது, மலையும் கூடாது, அடுத்த குளிர்காலத்தைக் காண்பதே சந்தேகம். முப்பது வருடமாக மனைவிக்காக மொழிபெயர்த்த வாய், அன்றுதான் முதல் பொய்யைச் சொன்னது.

சர்க்கரை நோயில் பார்வை போன பிறகு விமலாதேவிக்கு ரேடியோதான் துணை. சுவிசில், பழைய மலைக்கிராமங்களையும் மாடு மேயும் புல்வெளிகளையும் பார்த்தபடி குடும்பமாக மெல்ல நடக்க ஒரு பாதை இருப்பதாக அதில் கேட்டிருந்தாள்.

"காத்து மாறத்தானே சொன்னவர்? அங்கை போவம்."

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

"ஓம், போவம்" என்றார்.

மகள் டிலக்ஷி தலையில் கை வைத்தாள். "அப்பா, உங்களுக்குப் பைத்தியமா?" என்று டேனிஷில் கேட்டாள். ஆனாலும் காரை எடுத்தாள். விபோர்க் வீட்டிலிருந்து புறப்பட்டு, இரண்டு நாள், நிறுத்தி நிறுத்தி, டென்மார்க்கின் எல்லை தாண்டாமல் யூட்லாந்துக்குள்ளேயே சுற்றினாள். இரண்டாம் இரவு தங்கிய விடுதியில், மனைவியின் பக்கத்திலேயே இருந்து, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பண்ணை வீட்டுக்கு விடுதிப் போனில் டேனிஷில் சொல்லிவைத்தார் செல்வரட்ணம். அவளுக்கு விளங்காது என்ற தைரியம்.

மூன்றாம் நாள், சொந்த வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில், சுவிஸ் வந்துவிட்டது.

"மலையிலை காது அடைக்கும் எண்டினம். எனக்கு அடைக்கேல்லையே, இஞ்சருங்கோ?"

"இப்பத்தையக் கார்களிலை அடைக்காது."

"எவ்வளவு உயரம்?"

"மூவாயிரம் மீற்றர்" என்றார். உண்மையில் நூறு இருந்தாலே அதிகம்.

"மூவாயிரமோ! அப்ப பனி இருக்குமே. தொட்டுப் பாக்கவேணும்."

உயரத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனி மாத வெயிலில் மாடுகள் நிழல் தேடி நின்றன. செல்வரட்ணம் இன்சுலின் பையைத் திறந்து, ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

விமலாதேவி அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சுவிஸ் பனி நல்ல சதுரமாக் கிடக்கு."

"அவங்கள் எல்லாத்தையும் ஒழுங்காச் செய்யிற ஆக்கள்."

டிலக்ஷி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஊருக்குள் மெல்ல நடந்தார்கள். வைக்கோல் கூரை போட்ட நானூறு வருட வீடுகள். விமலாதேவி ஒவ்வொரு சுவரையும் தொட்டாள். இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

"மூவாயிரம் மீற்றரிலை இந்த நெஞ்சு என்னை விட்டுவைச்சிருக்கு. வாற வருசம் யாழ்ப்பாணம் போவம், என்ன?"

"ஓம்..." என்றார். அவர் அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பண்ணை வீடு நெருங்க நெருங்க அவருக்கு வியர்த்தது. கதவு திறந்ததும் டேனிஷில் வணக்கம் சொல்வார்களே! கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தச் சொல் அவளுக்குக்கூடத் தெரியுமே! முந்திக்கொள்ள வேகமாகப் போய், வாசற்படியில் தடுக்கி விழுந்தார். சத்தம் கேட்டுக் கதவு திறந்தது.

நரைத்த தலையோடு ஒரு பெண், அவரைத் தூக்கிவிட்டபடியே, சுவிஸ்காரர் பேசும் ஜேர்மன் மொழியில் வரவேற்றாள். சாப்பாடு முடியும்வரை ஜேர்மன்தான். செல்வரட்ணத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லூர் முருகனுக்கு மட்டும் மனதுக்குள் நன்றி சொன்னார்.

சாப்பிட்டபின் டிலக்ஷி தாயைக் கைபிடித்துக் காருக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் போகும்வரை காத்திருந்த அந்தப் பெண், டேனிஷுக்குத் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"உங்கட மனுசி எவ்வளவு வடிவா டேனிஷ் கதைக்கிறா! நேற்று போன் எடுத்து, 'என்ர மனுசன் நாளைக்கு என்னைச் சுவிசுக்குக் கூட்டிக்கொண்டு வருவார், எனக்கு முன்னாலை ஒருத்தரும் டேனிஷ் கதைச்சுப்போடாதேங்கோ, அவர் பாவம்' எண்டு சொன்னவ."