சாம்பாரில் காந்தம்

அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலைக் காணவில்லை.

கோதண்டராமன் இரண்டாவது முறையும் துழாவிப் பார்த்தார். புளி இருந்தது, பெருங்காயம் இருந்தது, பாட்டில்தான் இல்லை. அடுப்பில் ஒரு குண்டான் சாம்பார் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் நிச்சயத் தேதி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சியாமளா, சாம்பாருக்கு உப்பு எதுலேர்ந்து போட்ட?"

"ஜாடில தீந்துபோச்சு. பாட்டில்ல இருந்தத எடுத்துப் போட்டேன். ஏன், கரிக்குதா?" என்றபடியே அவர் மனைவி அப்பளத் தட்டோடு கூடத்துக்குப் போய்விட்டாள்.

கோதண்டராமன் அடுப்பை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

ஊறுகாய் பாட்டிலில் இருந்தது வெறும் உப்பு இல்லை. மகள் கீர்த்தனா ஆறாம் வகுப்பு. 'கலவைகளைப் பிரித்தல்' பாடத்துக்காக உப்பு, மணல், இரும்புத்தூள், அந்துருண்டைப் பொடி நான்கையும் கலந்து எடுத்துப்போய், திங்கட்கிழமை வகுப்பில் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மாமல்லபுரம் கடற்கரை மணலில் காந்தத்தை இழுத்து இழுத்துக் கறுப்புத் தூளைச் சேர்த்தவர் கோதண்டராமன். சியாமளா காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில், அவளுடைய குழவியாலேயே அந்துருண்டையை நசுக்கியவரும் அவரே.

அந்துருண்டை விஷம். வந்திருப்பவர்கள் ஏழு பேர்.

சியாமளாவைக் கூப்பிட வாயைத் திறந்தார். அதே நேரம் கூடத்திலிருந்து தங்கை அன்பரசியின் சிரிப்பு கேட்டது. இரண்டு இடம் தட்டிப்போய், முப்பத்தொரு வயதில் அவள் சிரித்து அவர் கேட்டு எத்தனை நாளாயிற்று! வாய் தானாக மூடிக்கொண்டது.

குனிந்து சாம்பாரை மோந்தார். அந்துருண்டை வாடை குப்பென்று அடித்தது. சந்தேகமே இல்லை என்று முடிவுகட்டியபோது, "ஒரு சொம்பு தண்ணி குடுங்க தம்பி" என்று பின்னால் குரல் கேட்டது. நின்றது மாப்பிள்ளையின் அம்மா, பெயர் வேண்டா. பீரோவிலிருந்து நேராக உடம்புக்கு வந்த பட்டுப்புடவை. அந்த வாடை அங்கிருந்துதான் வந்தது. சாம்பாரிலிருந்தும் வருகிறதா என்று இனி எந்த மூக்காலும் சொல்ல முடியாது.

அந்த அம்மாள் போனதும் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. சூடாக்கினால் அந்துருண்டை ஆவியாகப் போய்விடும். அடுப்பை முழுவதும் திருகி வைத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

ஆவி போனது. கூடவே சாம்பாரும் அடிபிடித்தது.

"இன்னாங்க, தீயிற வாசன வருது?" சியாமளா கூடத்திலிருந்து கத்தினாள்.

"நான் பாத்துக்கறேன்! நீ பேசிகினு இரு!"

அடுத்து மணல். கனமானது அடியில் தங்கும், மேலே தெளிந்ததை இறுத்துவிடலாம். வேறொரு பாத்திரத்தில் மெல்லச் சாய்த்தார். மேலே இருந்த மஞ்சள் தண்ணீர் இறங்கியது. முருங்கைக்காய், கத்தரிக்காய், பருப்பு எல்லாம் தீய்ந்த அடியோடு பழைய குண்டானிலேயே தங்கிவிட்டன. காயாவது மிஞ்சட்டும் என்று கரண்டியை விட்டார். கருகிய துணுக்குகள் கிளம்பி வந்து தெளிந்ததிலும் விழுந்தன.

வடிகட்டித்தான் ஆகவேண்டும். காபி வடிகட்டிக்குக் கண் பெரிது. சுற்றுமுற்றும் பார்த்தார். தாம்பாளத்தில் வெள்ளைத் துணி ஒன்று மடித்தபடி இருந்தது. அவசரத்தில் உதறி, பாத்திரத்தின் வாயில் கட்டி, ஊற்றினார். பாதி இறங்கிய பிறகுதான் துணியின் ஜரிகைக்கரை கண்ணில் பட்டது. மாப்பிள்ளை ரஞ்சித்குமாருக்கு வைத்துக் கொடுக்க வாங்கிய அங்கவஸ்திரம்! மஞ்சள் நடுவில் பெரிதாக ஊறிப் படர்ந்துகொண்டிருந்தது.

துணியில் தேங்கிய சக்கையைக் கிளறினார். கறுப்பாக ஏதேதோ. கடுகா, கருகலா, கடற்கரைத் தூளா?

ஃபிரிட்ஜ் கதவில் கடற்கரைக் கோயில் படம் போட்ட காந்தம் ஒட்டியிருந்தது. அதைப் பிடுங்கிச் சக்கைமேல் கொண்டுபோனார். "கடவுளே, எதுவும் ஒட்டக்கூடாது" என்று முணுமுணுத்தார்.

மெல்லிய கறுப்புத் தூள் முள்முள்ளாக எழுந்து நின்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

காந்தத்தைத் துடைத்துவிட்டு, வடிந்த சாம்பாருக்குள்ளேயே விட்டுக் கலக்கினார். எடுத்தபோது கோயில் கோபுரத்துக்கு மீசை முளைத்திருந்தது. இரும்பேதான்! இரும்பு இருந்தால் மணலும் இருக்கும், அந்துருண்டையும் இருக்கும். போலீஸ், ஆஸ்பத்திரி, அன்பரசியின் முகம் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன.

"இலை போட்டாச்சு, இங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?" சியாமளா உள்ளே புயலாக வந்தாள். பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "இன்னா இது, சாம்பாரா ரசமா? காயெல்லாம் எங்க?"

"சியாமளா, வேணாம், அத எடுத்துக்கினு போவாத—"

"ஏழு பேரு சோத்துல கை வெச்சிகினு கீறாங்க. நவுருங்க!"

பாத்திரம் போய்விட்டது. காந்தத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

வரிசையில் முதலாவதாக மாப்பிள்ளையின் அப்பா திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார். செய்யூரில் மசாலா அரைக்கிற மில் வைத்திருப்பவர், பெருத்த மனிதர். சியாமளா கரண்டியைச் சாய்க்கப்போனாள். அவர் சட்டென்று இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார்.

"எனக்கு சாம்பார் வேணாம்மா. மோர் போதும்."

"நீங்க குடுத்தனுப்புன பொடியப் போட்டு, உங்களுக்குன்னே பாத்துப் பாத்து வெச்சதுங்க!"

"வயிறு சரியில்ல." அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மின்விசிறி அவர் தலைக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தார் கோதண்டராமன். மசாலா மில்காரர் மூக்காயிற்றே, மோந்ததுமே தெரிந்திருக்கும். மரியாதைக்காக வாயைத் திறக்காமல் இருக்கிறார். எழுந்து போனதும் முதல் வேலையாகச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

அடுத்த இலையில் வேண்டா எதையும் கவனிக்காமல் சாம்பாரை வாங்கிக்கொண்டார். பிசைந்தார். உருட்டினார். கவளம் வாயை நோக்கி எழுந்தது. கோதண்டராமனுக்கு அந்தக் கை மேலே போவது ஒரு மணிநேரம் போலத் தெரிந்தது.

"சாப்பிடாதீங்க!"

கவளம் வேண்டாவின் வாயருகே நின்றது.

"யாரும் சாப்பிடாதீங்க! சாம்பார்ல இரும்புத்தூள் கீது! இதோ பாருங்க!" காந்தத்தை எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார். ஆட்டிய வேகத்தில் மஞ்சள் சொட்டுகள் இலையெங்கும் தெறித்தன. "இரும்பு மட்டும் இல்ல... மன்னிச்சிடுங்க... தெரியாம நடந்துபோச்சு... என் தங்கச்சி மேல ஒரு தப்பும் கெடயாது!"

அன்பரசி சுவரில் சாய்ந்துவிட்டாள். "அண்ணா, இன்னாண்ணா சொல்ற?"

திருவேங்கடத்தின் பார்வை அந்தக் காந்தத்தை விட்டு நகரவில்லை. முகம் வெளுத்து, மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார். விஷம் ஏறத் தொடங்கிவிட்டது என்றே கோதண்டராமன் நம்பினார், அந்த மனிதர் சாம்பாரைத் தொடவே இல்லை என்பதைக்கூட மறந்து. "ஆம்புலன்ஸ்" என்று முனகியபடி சட்டைப்பையில் ஃபோனைத் துழாவினார்.

வாசலில் செருப்புச் சத்தம். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து கீர்த்தனா உள்ளே வந்தாள். பையிலிருந்து எதையோ எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"மிஸ்கிட்ட முன்னாடியே காட்டலாம்னு காலையிலயே எடுத்துக்கினு போய்ட்டேன்ப்பா. மிஸ் லீவு. அப்படியே கொண்டாந்துட்டேன்."

ஊறுகாய் பாட்டில். கழுத்துவரை நிறைந்து, அவரே கட்டிய நூல்கூட அவிழாமல்.

கோதண்டராமன் பாட்டிலைப் பார்த்தார். காந்தத்தைப் பார்த்தார். மறுபடியும் பாட்டிலைப் பார்த்தார்.

"அப்போ சாம்பார்ல இந்த இரும்பு..."

"நான் போட்டது பரண்மேல வெச்சிருந்த வேற உப்பு பாட்டிலுங்க" என்றாள் சியாமளா. வேண்டா கையிலிருந்த கவளத்தை மெதுவாக இலையில் வைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினார்.

"இன்னாய்யா, நம்ம வூட்டுக்கு வாங்கற கடைப் பொடிய சம்பந்தி வூட்டுக்குக் குடுத்தனுப்புன்னு சொன்னா, நம்ம மில்லுல அரைச்ச சாம்பார் பொடியவா குடுத்தனுப்பிட்ட?"