பிடித்த காசுக்கு ஒரு கதிரை

வங்கி பிடித்த கட்டணத்தை ஒரு சதம் விடாமல் திரும்ப வசூலித்த மனிதர் கண்டியில் ஒரே ஒருவர்தான். அவர் வக்கீல் வைக்கவில்லை, மேலிடத்துக்கு மனுப் போடவில்லை, கவுண்டரில் சத்தம் போடவும் இல்லை. கதிரையில் உட்கார்ந்தே வசூலித்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிடிகாசு ஐயா. சொந்தப் பெயர் பாஸ் புத்தகத்தில் இருந்தது. அதை யாரும் பாவித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அப்போது நான் கண்டி நகரத்தில் ஒரு வங்கியில் சேமிப்புக் கவுண்டரில் இருந்தேன். கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் தொங்காத குறையாக வந்து சேர்ந்து, பர்தாவைச் சரிசெய்துகொண்டு உட்காருவதற்குள் அவர் வாசலில் நிற்பார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில் தனியாக இருந்தார். தலையில் மருந்துக்கும் ஒரு முடி கிடையாது. ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் பணம் அனுப்புவதற்காகத்தான் அந்தக் கணக்கே திறந்தது.

கணக்கில் எப்போதும் ஆயிரம் ரூபா கிடக்க வேண்டும் என்பது வங்கியின் சட்டம். குறைந்தால் மாதக் கடைசியில் கட்டணம் பிடிப்பார்கள். காசு இல்லாதவனிடம் காசு இல்லாத குற்றத்துக்குக் காசு பிடிக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்காக ஒவ்வொரு மாதமும் ஏச்சு வாங்கியவள் நான்தான்.

முதல் தடவை பிடித்தபோது ஐயா கோபப்படவில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளி, நியாயமான ஒரு சந்தேகம் கேட்டார்.

"யாருக்குன்னு பிடிச்சீங்க, புள்ள?"

வங்கிக்குத்தான் என்றேன். அது அவருக்குப் போதவில்லை. தோட்டத்தில் சம்பளத்தில் பிடித்தால் ஆள் சொல்லிப் பிடிப்பார்களாம். சலவைக்காரருக்கு இவ்வளவு, சவரக்காரருக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு. பிடித்தால் சலவைக்காரர் துணி வெளுத்தாக வேண்டும், சாமி திருவிழாவுக்கு வெளியே வந்தாக வேண்டும். வேலை இல்லாமல் பிடிப்பு இல்லை. மொட்டைத் தலையான இவருக்கும் சவரக்காசு பிடித்தார்கள். இவரும் விடவில்லை. முறை வந்ததும் போய்ச் சவரக்காரர் முன்னால் குந்திவிடுவார். எதை வெட்டுவது என்று அந்த மனிதர் அழாக்குறையாகக் கேட்டால், "வெட்டுறது ஒம்பாடு, ஒக்கார்றது எம்பாடு" என்பாராம். கடைசியில் சவரக்காரர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் கணக்கை நேர் செய்தாராம்.

இந்த வரலாற்றைச் சொல்லி முடித்துவிட்டு, வங்கி தனக்கு என்ன வேலை செய்யும் என்று கேட்டார். நான் புத்தகத்தைத் திருப்பி நீட்டினேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். காத்திருப்பவர்களுக்குப் போட்ட கதிரை, மேலே காற்றாடி, மூலையில் தண்ணீர், மேசையில் பத்திரிகை எல்லாம் இருந்தன. காற்றாடிக்கு நேர் கீழே இருந்த கதிரையைத் தெரிந்தெடுத்து உட்கார்ந்தார். அன்றைக்குத் தொடங்கியது வசூல்.

வாரத்தில் பாதி நாள் வந்துவிடுவார். வந்ததும் மகள் பணத்தைப் பற்றி என்னிடம் ஒரே கேள்விதான், "வந்திருச்சா, புள்ள?" என்று. இல்லை என்பேன். அதற்குப் பிறகு கதிரைக்குப் போவார். பத்திரிகையில் மரண அறிவித்தல்களை ஆற அமரப் படிப்பார். எங்கள் சிங்களப் பியோன் அவரைப் பாட்டன் முறை வைத்து "சீயா" என்று கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பான். சீனி போதாது என்று குறை சொல்லிக்கொண்டே குடித்து முடிப்பார். புறப்படும்போது வசூலான அளவை என்னிடம் அறிவிப்பார். தோட்டத்தில் முழு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர் என்று போடுவார்களே, அதே கணக்கு. "இன்னைக்கு அரைப்பேரு போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவார். காற்றாடி ஓடாத நாளில் கால் பேர்கூடக் கிடையாது.

மழை நாளில் போர்த்தி வந்து நனைந்த கம்பளியைக் கவுண்டர்க் கம்பியில் விரித்துக் காயப்போட்டார். பணம் போட வந்தவர்கள் அந்தக் கம்பளிக்குப் பின்னால் என்னைத் தேடினார்கள். இன்னொரு நாள் மனேஜர் ஆசையாய் வளர்த்த குரோட்டன் செடியைச் சட்டைப்பைக் கத்தியால் முட்டி வரை கவ்வாத்து வெட்டிவிட்டார். அடுத்த மழைக்குக் கொழுந்து போடும் என்று ஆறுதலும் சொன்னார். வங்கிக்குள்ளே எங்கே மழை பெய்வது? அந்தச் செடி கடைசிவரை துளிர்க்கவில்லை.

தலைமைக் காரியாலயத்திலிருந்து பரிசோதகர் வந்த அன்றுதான் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. அவர் அறியாமல் அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயா முன்னால் போய்க் கையைக் கட்டி நின்று, மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"தொர, இது நம்ம காசுல பிடிச்ச கதிர. நீங்க அங்கிட்டு ஒக்காருங்க."

பரிசோதகர் அவரை பெரும் பணம் போட்டு வைத்த வைப்பாளர் யாரோ என்று நினைத்து எழுந்து மன்னிப்புக் கேட்டார். ஐயாவின் கணக்கில் கிடந்த தொகையை நாங்கள் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அந்தத் தொகை எங்களைச் சிரிக்க விடவில்லை. மகள் அனுப்பியதைக் கூரைத் தகரத்துக்கும் பேராதனை ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த மருந்துக்கும் எடுத்திருந்தார். பிறகு அவளிடமிருந்து பணமும் இல்லை, கடிதமும் இல்லை. கட்டணம் பிடிக்கும் மிசினுக்கு மட்டும் ஞாபகமறதி கிடையாது. மாதம் தவறாமல் பிடித்தது. கணக்கு வெறுமையானால் தானாகவே மூடிவிடும்.

எங்கள் மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். செடி போன துக்கத்தையும் மறந்து ஒருநாள் ஐயாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஐயா, இந்தக் கணக்கை மூடுங்கோ. இருக்கிறதும் வீணாக் கரையுது. தபால் கந்தோரில போட்டால் ஒரு சதமும் பிடிக்க மாட்டினம்."

ஐயா பாஸ் புத்தகத்தை எடுத்து, அதிலிருந்த கணக்கு நம்பரில் விரலை வைத்தார்.

"அவளுக்கு இந்த நம்பர்தான் தொர மனப்பாடம். கடுதாசி தொலஞ்சாலும் இது தொலையாதுன்னு பிளேன் ஏத்திவிடுறப்ப சொல்ல வச்சுக் கேட்டேன். இத மூடிட்டா, எம்புள்ள எந்தக் கதவத் தட்டும்?"

மனேஜர் எழுந்து உள்ளே போனார். கட்டணத்தை விலக்கும்படி மேலிடத்துக்கு எழுதினார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்று அழகான பதில் வந்தது. அதன் பிறகு "வந்திருச்சா?" என்று ஐயா கேட்கும் முன்பே நான் அவருடைய கணக்கைப் பார்த்துவிடுவேன்.

கணக்கு இன்னும் ஒரே ஒரு பிடிப்பைத்தான் தாங்கும் என்ற நிலையில், ஒரு காலை பணம் வந்து கிடந்தது. எஜமானி நிறுத்தி வைத்திருந்த சம்பளம் அத்தனையும் ஒன்றாக வந்திருந்தது. மகளும் சுகம் என்று பின்னால் கடிதம் வந்தது. தொகையைச் சொன்னேன். ஐயா மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தார், கண் நிறைந்துவிட்டது. எனக்கும் தலைகால் புரியவில்லை. இனிமேல் ஒரு சதமும் பிடிக்க மாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஒண்ணுமே பிடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். அவர் கதிரையைப் பார்த்தார். பியோன் நீட்டிய தேநீரை வேண்டாம் என்றார். கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு அவர் வரவில்லை. கதிரை சும்மா கிடந்தது. புதிதாக வந்த யாராவது அதில் உட்காரப் போனால், மனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து வேறு கதிரையைக் காட்டினார். நானோ கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினேன். ஒருநாள் மாலையில் பஸ் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். எங்களை மறந்துவிட்டீர்களா என்று சண்டைக்குப் போனேன்.

"மறக்கலம்மா," என்றார். "காம்பராவுல பேச்சுக்கு ஆளில்லாம, கால் தானா இங்கிட்டுத்தான் இழுக்குது. ஆனா ஒண்ணும் பிடிக்கலையே. சும்மா எப்படி வந்து ஒக்கார்றது?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஹந்தானை பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

அடுத்த மாதம் மிச்சக் கூரைக்குத் தகரம் வாங்க வேண்டும் என்று கவுண்டருக்கு வந்தார். பணம் எடுக்கும் துண்டை நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். பார்த்தேன். எடுத்த பின் ஆயிரத்துக்கு ஐம்பது ரூபா குறையும்.

"ஐயா, அம்பது ரூவா கொறச்சி எடுங்களே. எடுத்தா திரும்பவும் பிடிச்சிருவாங்க."

"தெரியும் புள்ள," என்றார். "தகரத்துக்கு அந்த அம்பது வேணாம். பிடிக்கட்டும்."

காசை எண்ணாமலே வாங்கினார். அந்த ஐம்பதைப் பியோனிடம் கொடுத்து, தேநீருக்குக் கொஞ்சம் சீனி வாங்கி வரச் சொன்னார். பிறகு போய்த் தன் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். மனேஜர் வெளியே வந்து காற்றாடியைப் போட்டார்.

அந்தக் கட்டணத்தைச் சேவைக்காலம் முழுக்கத் திட்டியவள் நான். அந்த மாதக் கடைசியில் அவருடைய கணக்கில் அது பிடிபட்டதைக் கண்டபோது மட்டும் எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.